வண்டி ஏன் கிளம்பவில்லை?

காலை ஐந்து மணி

கொல்கத்தாவின் தெற்குப் பகுதியில் லேக் மார்க்கெட் இருக்கிறது. தமிழர்கள் பல காலமாக வாழும் இடம். வாழை இலை, முருங்கைக்காய், காபித்தூள் எல்லாம் அங்கே கிடைக்கும். அதற்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் எங்கள் மாலை வகுப்பு நடக்கிறது. நான் அந்த வகுப்பின் தொண்டன். பள்ளிப் படிப்பு முடித்தவன். மெக்கானிக் அல்ல. இந்தப் பாடத்தில் உள்ளதை நானும் வகுப்பில்தான் கற்றேன்.

எங்கள் வகுப்புக்கு ஓர் அக்கா வருகிறார். அவரும் அவர் கணவரும் இட்லி மாவு அரைத்து விற்கிறார்கள். அண்ணன் காலை ஐந்து மணிக்கு மாவுத் தூக்குகளை மோட்டார் சைக்கிளில் கட்டுவார். டாக்குரியா, ஜோத்பூர் பார்க் பக்கம் வீடு வீடாகக் கொடுப்பார். ஏழு மணிக்குள் முடிக்க வேண்டும். தாமதமானால் வீட்டுக்காரர்கள் கடையில் வாங்கிக்கொள்வார்கள். மாவு புளித்துவிடும்.

ஒரு நாள் வண்டி கிளம்பவில்லை. அண்ணன் செல்ஃப் பட்டனை அழுத்தினார். 'டிக் டிக் டிக் டிக்' என்று சத்தம் வந்தது. அவ்வளவுதான். அந்த வண்டியில் கிக் கிடையாது. அக்கம்பக்கத்தார் தள்ளிவிட்டார்கள். ஒரு வழியாகக் கிளம்பியது. ஆனால் ஒரு வீட்டு வாசலிலும் இன்ஜினை நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் மறுபடி தள்ள வேண்டுமே! பெட்ரோல் வீணானது. தூங்குகிறவர்கள் திட்டினார்கள்.

பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள்: "பேட்டரி போச்சு."

அக்காவுக்கு மனம் கேட்கவில்லை. ஏழு மாதத்துக்கு முன்னால்தான் 1500 ரூபாய் கொடுத்துப் புது பேட்டரி வாங்கினார்கள். அப்போதும் இதே 'டிக் டிக்' சத்தம்தான். ஒரு நாள் மாவு விற்றால் கையில் நிற்பது 400 ரூபாய். 1500 ரூபாய் என்பது கிட்டத்தட்ட நான்கு நாள் உழைப்பு.

அன்று மாலை அக்கா ஓர் அட்டையோடு வகுப்புக்கு வந்தார்.

"தம்பி, இது பேட்டரி வாங்கினப்போ கொடுத்த கேரண்டி அட்டை. இதுல என்ன இருக்குன்னு பார்க்கலாமா?"

அட்டை ஆங்கிலத்தில் இருந்தது. ஆனால் எண்கள் நாம் தமிழில் எழுதும் அதே எண்கள்தான். அக்கா எண்களைத் தேடினார். 12 என்று படித்தார். 5 என்று படித்தார். 24 என்று படித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"வாங்கின தேதி எங்கே தம்பி?"

தேதி இல்லை. தேதி எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கடை முத்திரையும் இல்லை. அக்கா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "அன்னைக்கே படிக்கத் தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பேன்."

காக்கு வந்தார்

எங்கள் சந்து முனையில் ஒரு பழைய வண்டி மெக்கானிக் இருக்கிறார். வங்காளி. வங்காள மொழியில் சித்தப்பாவைக் 'காக்கு' என்பார்கள். நாங்கள் எல்லாரும் அவரைக் காக்கு என்றே கூப்பிடுவோம். தமிழர்களோடு பழகிப் பழகி அவருக்குத் தமிழ் வரும். ஞாயிற்றுக்கிழமை அவரை வகுப்புக்கு அழைத்தோம். வண்டியையும் வாசலில் நிறுத்தினோம்.

காக்கு ஸ்பேனரை எடுக்கவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"பட்டனை அழுத்தினா என்ன நடக்குது? யாருக்குத் தெரியும்?"

யாரும் பேசவில்லை. காக்கு சொன்னார்:

"மூணு பேர் வேலை செய்யறாங்க. முதல் ஆள் பேட்டரி. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிறவர். ரெண்டாவது ஆள் ரிலே. கதவு திறக்கிறவர். மூணாவது ஆள் ஸ்டார்ட்டர் மோட்டார். இன்ஜினைச் சுத்தி விடுறவர். இந்த மூணு பேரையும் சேர்க்கிறது கம்பி. வண்டி கிளம்பலைன்னா, இந்த நாலில் யார் படுத்துட்டாங்கன்னு கண்டுபிடிக்கணும். கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி காசை எடுக்கக் கூடாது."

அக்கா கேட்டார்: "ரிலே எதுக்குக் காக்கு? பட்டனே கதவு திறக்காதா?"

"மோட்டாருக்கு நிறைய மின்சாரம் வேணும்மா. அவ்வளவும் இந்தச் சின்ன பட்டன் வழியாப் போனா பட்டன் கருகிப் போகும். அதனால பட்டன் ரிலேக்குச் சைகை மட்டும் காட்டும். ரிலேதான் பெரிய கதவைத் திறக்கும். அப்போ வர்ற சத்தம்தான் 'டக்'."

அக்கா சிரித்தார். "சாயங்காலம் கரண்ட் குறைஞ்சா எங்க கிரைண்டர் உர்ருன்னு முனகும். சுத்தாது. அது மாதிரிதானா?"

"அதேதான்! மோட்டார் நல்லா இருக்கும். வர்ற மின்சாரம் போதாது. கிரைண்டரைக் குறை சொல்லி என்ன பயன்?"

சத்தத்தைக் கேளுங்கள்

வண்டி தன் நோயைத் தானே சொல்கிறது. நாம் காது கொடுக்க வேண்டும். சத்தங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. 'டிக் டிக் டிக் டிக்' என்று வேகமாகச் சத்தம் வருகிறது. பிரேக் விளக்கு மங்குகிறது. ஹாரன் கம்மிய குரலில் ஒலிக்கிறது. அப்படியானால் மோட்டாருக்குப் போதிய மின்சாரம் போகவில்லை. பேட்டரியில் சார்ஜ் குறைந்திருக்கலாம். அல்லது கம்பி முனை தளர்ந்திருக்கலாம். இரண்டுக்கும் சத்தம் ஒன்றுதான். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

2. 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். விளக்கு மங்கவில்லை. ஹாரன் கணீரென்று ஒலிக்கிறது. அப்படியானால் பேட்டரி நன்றாக இருக்கிறது. ரிலேயின் உள்ளே தீய்ந்திருக்கலாம். அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

3. சத்தமே இல்லை. விளக்கு, ஹாரன் ஒன்றும் இல்லை. அப்படியானால் ஃபியூஸ் போயிருக்கலாம். பேட்டரிக் கம்பி கழன்றிருக்கலாம். பேட்டரி முழுதும் இறங்கியிருக்கலாம்.

4. விளக்கும் ஹாரனும் நன்றாக உள்ளன. பட்டனை அழுத்தினால் மட்டும் சத்தம் இல்லை. அப்படியானால் இன்ஜினை நிறுத்தும் சிவப்பு ஸ்விட்சைப் பாருங்கள். பக்கவாட்டு ஸ்டாண்டைப் பாருங்கள். கியர் நியூட்ரலில் உள்ளதா? கிளட்ச் பிடித்தீர்களா? ஸ்கூட்டராக இருந்தால் பிரேக் பிடித்தீர்களா? பல வண்டிகளில் இவை சரியாக இல்லாவிட்டால் செல்ஃப் வேலை செய்யாது. இதற்கு ஒரு பைசாச் செலவில்லை.

5. மோட்டார் 'உய்ய்' என்று சுற்றுகிறது. இன்ஜின் அசையவில்லை. அப்படியானால் மோட்டாரையும் இன்ஜினையும் இணைக்கும் ஒன்-வே கிளட்ச் அல்லது பல் சக்கரம் கெட்டிருக்கலாம். இது மெக்கானிக் வேலை.

6. இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் பற்றவில்லை. அப்படியானால் செல்ஃபின் மேல் குற்றம் இல்லை. பெட்ரோலையும் ஸ்பார்க் பிளக்கையும் பாருங்கள்.

கிக் உள்ள வண்டிக்கு ஓர் எளிய சோதனை உண்டு. கிக் அடித்தால் உடனே கிளம்புகிறதா? செல்ஃபில் மட்டும் கிளம்பவில்லையா? அப்படியானால் பெட்ரோல், பிளக், இன்ஜின் எல்லாம் நலம். நோய் பெரும்பாலும் பேட்டரி, ரிலே, மோட்டார், கம்பி இந்த நான்கில் இருக்கும்.

ஹாரனையும் பிரேக் விளக்கையும் ஏன் பார்க்கிறோம்? இந்தியாவில் 2017 ஏப்ரலில் ஒரு விதி வந்தது. புது இரு சக்கர வண்டிகளின் முன் விளக்கு, இன்ஜின் ஓடும்போதெல்லாம் எரிய வேண்டும். அதனால் பல வண்டிகளில் முன் விளக்குக்குத் தனி ஸ்விட்ச் இல்லை. இன்ஜின் ஓடாதபோது அது எரியாமலும் இருக்கலாம். ஆகவே அதை வைத்துச் சோதிக்க முடியாது.

காசு செலவில்லாத சோதனை

காக்கு அக்காவை வண்டியருகே அழைத்தார். "நீயே பாரும்மா."

அக்கா பட்டனை அழுத்தினார். டிக் டிக் டிக். பிரேக் விளக்கு மங்கியது. எல்லாரும் "பேட்டரிதான்!" என்றோம்.

"அவசரப்படாதீங்க," என்றார் காக்கு. "பேட்டரி மூடியைத் திறங்க."

பேட்டரிக்கு இரண்டு முனைகள் உண்டு. பிளஸ் முனையில் + குறி இருக்கும். பெரும்பாலும் சிவப்புக் கம்பி வரும். மைனஸ் முனையில் − குறி இருக்கும். அதில் கறுப்புக் கம்பி அல்லது பச்சைக் கம்பி வரும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. குறியைப் பார்க்க வேண்டும்.

அக்கா உற்றுப் பார்த்தார். மைனஸ் முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. சுண்ணாம்பு மாதிரி இருந்தது. கம்பியை மெல்ல அசைத்தார். அது ஆடியது.

காக்கு மீட்டரை எடுத்தார். மின் அழுத்தத்தை அளக்கும் சிறிய கருவி அது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். எண் படிக்கத் தெரிந்த எவரும் பயன்படுத்தலாம். மீட்டரின் குமிழை நேர் மின்சாரம் அளக்கும் 20 வோல்ட் இடத்தில் வைத்தார். சிவப்பு முனையைப் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸ்ஸிலும் வைத்தார். கம்பியின் மேல் வைக்கவில்லை. பேட்டரி முனையின் மேலேயே வைத்தார்.

"படிம்மா."

"பன்னிரண்டு புள்ளி ஐந்து."

"12.5. அப்போ இந்தப் பேட்டரி செத்துப்போச்சா?"

வகுப்பு அமைதியானது.

எண் சொல்லும் செய்தி

12 வோல்ட் ஈயப் பேட்டரியின் உள்ளே ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றும் 2 வோல்ட்டுக்குச் சற்று மேல் தரும். இன்ஜினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். அப்போது:

12.6 அல்லது அதற்கு மேல்: முழு சார்ஜ் உள்ளது.
12.4: முக்கால் பங்கு உள்ளது.
12.2: பாதி உள்ளது.
12.0: கால் பங்கு உள்ளது.
11.8 அல்லது அதற்குக் கீழ்: சார்ஜ் தீர்ந்துவிட்டது.

பார்த்தீர்களா? 12.6 முழு வயிறு. 12.0 பசி. நடுவில் இருப்பது 0.6 வோல்ட்தான். அதனால்தான் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணையும் படிக்க வேண்டும்.

இன்னும் இரண்டு எண்களை நினைவில் வையுங்கள்.

செல்ஃப் அழுத்தி மோட்டார் சுற்றும்போது எண் கொஞ்சம் இறங்கும். அது இயல்பு. ஆனால் 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனமாக உள்ளது. முதலில் முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். ஏற்றிய பிறகும் அப்படியே விழுந்தால் பேட்டரியின் ஆயுள் முடிந்தது.

இன்ஜின் ஓடும்போது எண் 13.5க்கும் 14.5க்கும் இடையில் இருக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை லேசாக முறுக்கியும் எண் 12ஐ விட்டு ஏறவில்லையா? வண்டி பேட்டரிக்குச் சார்ஜ் தரவில்லை. எத்தனை புது பேட்டரி போட்டாலும் சில நாளில் இறங்கிவிடும். எண் 15ஐத் தாண்டுகிறதா? ரெகுலேட்டர் கெட்டிருக்கலாம். அது பேட்டரியைக் கொதிக்க வைத்துக் கெடுத்துவிடும். இரண்டு நிலையிலும் முதலில் வண்டியைச் சரி செய்ய வேண்டும். பேட்டரி அதற்குப் பிறகுதான்.

குற்றவாளி யார்?

காக்கு அடுத்த சோதனையைச் செய்தார். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனை மேல் வைத்தார். சிவப்பு முனையை இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் வைத்தார். பேட்டரியின் மைனஸ் கம்பி வண்டியின் உடலோடு சேர்ந்திருக்கும். இதை எர்த் என்கிறோம். கம்பி நன்றாக இருந்தால் செல்ஃப் அழுத்தும்போது மீட்டரில் ஏறக்குறைய ஒன்றும் வரக் கூடாது. அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் வழியில் தடை இருக்கிறது என்று பொருள்.

அக்கா பட்டனை அழுத்தினார். மீட்டர் 7 காட்டியது.

"பன்னிரண்டில் ஏழு இங்கேயே போயிடுச்சு," என்றார் காக்கு. "மிச்சத்தை வச்சு மோட்டார் எப்படிச் சுத்தும்?"

பிறகு வேலை நடந்தது. சாவியை எடுத்தார்கள். முதலில் மைனஸ் கம்பியைக் கழற்றினார்கள். அடுத்துப் பிளஸ் கம்பி. ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார்கள். வெள்ளைப் பூ நுரைத்துக் கரைந்தது. ஈரம் போகத் துடைத்தார்கள். கம்பி முனையை உப்புத்தாளால் தேய்த்தார்கள். பளபளவென்று ஆனது. மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். போல்ட்டை இறுக்கினார்கள். மேலே கொஞ்சம் வாசலின் தடவினார்கள். அது காற்றும் ஈரமும் படாமல் காக்கும்.

அக்கா பட்டனை அழுத்தினார். வண்டி ஒரே அழுத்தில் கிளம்பியது.

எல்லாரும் கை தட்டினோம். அக்கா மட்டும் தட்டவில்லை.

"காக்கு, ஏழு மாசத்துக்கு முன்னாடியும் இதே சத்தம்தான். பேட்டரி மாத்தினதும் சரியாப் போச்சே?"

காக்கு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "புது பேட்டரி மாட்டும்போது கம்பியைக் கழட்டித் திரும்ப இறுக்கியிருப்பாங்கம்மா. அந்த இறுக்கலே மருந்தா இருந்திருக்கலாம். பழைய பேட்டரியை அளந்து பார்த்தாங்களா?"

"இல்லை. எடுத்து வச்சுக்கிட்டாங்க."

"அப்போ அது கெட்டதா நல்லதான்னு இனிமே யாருக்கும் தெரியாது."

அந்த 1500 ரூபாய் திரும்பி வராது. ஆனால் அடுத்த 1500 ரூபாய் அன்று மிச்சமானது.

ஸ்டார்ட்டர் மோட்டார் கெட்டால்

எல்லா நேரமும் கம்பிதான் குற்றவாளி என்று நினைக்காதீர்கள். மோட்டாரும் கெடும்.

மோட்டாரின் உள்ளே கார்பன் பிரஷ்கள் உண்டு. சிலேட்டுக் குச்சித் துண்டு போல் இருக்கும். மோட்டார் சுற்றச் சுற்ற அவை தேயும். மிகவும் தேய்ந்தால் மின்சாரம் உள்ளே போகாது. அப்போது 'டக்' சத்தம் மட்டும் வரும். மோட்டாரை லேசாகத் தட்டினால் ஒரு முறை சுற்றும். மறுபடி படுத்துக்கொள்ளும். இது பிரஷ் தேய்ந்ததன் அடையாளம். இதற்குப் பல வண்டிகளில் பிரஷ்ஷை மட்டும் மாற்றினால் போதும். முழு மோட்டாரையும் மாற்றச் சொன்னால், "பிரஷ் மாற்ற முடியாதா?" என்று கேளுங்கள்.

கொல்கத்தாவில் இன்னொரு எதிரி உண்டு. அது மழை. பலத்த மழை பெய்தால் டன்டனியா, காலேஜ் தெரு பக்கமெல்லாம் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். பல வண்டிகளில் மோட்டார் இன்ஜினோடு ஒட்டித் தாழ்வாக இருக்கும். தண்ணீர் உள்ளே போனால் துரு பிடிக்கும். மோட்டார் இறுகிக்கொள்ளும். ஆகவே தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் செல்ஃபை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். தள்ளிக்கொண்டு மேட்டுக்குப் போங்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் செல்ஃப் அழுத்துவது இன்ஜினையே உடைத்துவிடும். மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே கிளப்புங்கள்.

மற்ற நாளிலும் செல்ஃபை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்தாதீர்கள். கிளம்பாவிட்டால் பத்துப் பதினைந்து விநாடி பொறுங்கள். பிறகு அழுத்துங்கள். தொடர்ந்து அழுத்தினால் மோட்டார் சூடாகும். பேட்டரியும் இறங்கும்.

தள்ளிக் கிளப்புவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கியர் இல்லாத ஸ்கூட்டரைத் தள்ளிக் கிளப்ப முடியாது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தது. அதற்குப் பிறகு வந்த பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோலை ஊசி போல் பீய்ச்சும் கருவி உள்ளது. அதற்கும் மின்சாரம் வேண்டும். பேட்டரி முழுதும் இறங்கிவிட்டால் இவ்வகை வண்டியைத் தள்ளினாலும் கிளம்பாமல் போகலாம்.

ஒரு சின்ன வரலாறு

மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடிய ஈயப் பேட்டரியை 1859இல் பிரான்ஸ் நாட்டின் காஸ்தோன் பிளான்டே செய்தார். பழைய கார்களைக் கைப்பிடியால் சுற்றித்தான் கிளப்புவார்கள். கைப்பிடி திருப்பி அடித்துக் கை முறிந்தவர்கள் உண்டு. 1912இல் அமெரிக்காவின் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதை உருவாக்கியவர் சார்லஸ் கெட்டரிங். நம் நாட்டில் 1984இல் வந்த கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டர் செல்ஃப் பட்டனைப் பலருக்கும் அறிமுகம் செய்தது.

இந்தப் பாடத்துக்கும் நம் இரண்டு ஊர்களுக்கும் உறவு உண்டு. கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் ஷியாம்நகர் உள்ளது. அங்கே எக்சைடு நிறுவனத்தின் பழைய பேட்டரித் தொழிற்சாலை இருக்கிறது. சென்னையில் பாடி உள்ளது. அங்கே 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் ஸ்டார்ட்டர் மோட்டார் செய்கிறது. வங்காளத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் செய்யும் பொருள்களால் நாட்டில் எத்தனையோ வண்டிகள் ஓடுகின்றன.

கவனம்! கவனம்!

பேட்டரியின் உள்ளே ஆசிட் உண்டு. பட்டால் தோல் வெந்துவிடும். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவி மருத்துவரிடம் போங்கள்.

சார்ஜ் ஏறும்போது தீப்பற்றும் வாயு வரும். பேட்டரி அருகே பீடி, தீக்குச்சி கூடாது.

இரும்பு வளையல், மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். ஸ்பேனர் ஒரே நேரத்தில் இரண்டு முனையையும் தொடக் கூடாது.

ரிலேயின் இரண்டு முனைகளை ஸ்க்ரூ டிரைவரால் தொட்டுக் கிளப்புவார்கள் சிலர். தீப்பொறி பறக்கும். பெட்ரோல் அருகில் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள்.

ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ் போடுங்கள். கம்பியைச் சுற்றி ஒப்பேற்றினால் வண்டியே தீப்பிடிக்கலாம்.

மூடி திறக்கும் பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் கூடாது. மூடி இல்லாத பேட்டரியைத் திறக்கவே கூடாது.

இன்ஜின் ஓடும்போது பேட்டரிக் கம்பியைக் கழற்றாதீர்கள்.

புது பேட்டரி வாங்கும்போது

சோதித்துப் பார்த்தோம். பேட்டரிதான் கெட்டது. அப்போது வாங்கத்தான் வேண்டும். வாங்கும்போது நான்கைப் படியுங்கள்.

முதலாவது, 12 வோல்ட் என்பது. இரண்டாவது, ஆம்பியர்-ஹவர் அளவு. எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பதை அது சொல்லும். பழைய பேட்டரியில் 5 என்றிருந்தால் 5 வாங்குங்கள். மூன்றாவது, பேட்டரி செய்த மாதமும் ஆண்டும். பல மாதம் கடையில் கிடந்த பேட்டரி சார்ஜ் இறங்கியிருக்கும். நான்காவது, கேரண்டி அட்டையில் விற்ற தேதி, கடை முத்திரை, பேட்டரியின் எண். மூன்றும் எழுதிய பிறகே காசைக் கொடுங்கள். பில்லையும் வாங்குங்கள்.

பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்துவிடுங்கள். அதற்கு விலையில் கழிவு கேளுங்கள். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரியைக் குப்பையோடு சேர்க்காமல் தனியே ஒப்படைக்கச் சொல்கின்றன. அதை உடைத்து ஈயம் உருக்குவதற்குக் கொடுக்காதீர்கள். ஈயத் தூசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். ஈயத்தில் தீங்கில்லாத அளவு என்று எதுவும் தெரியவில்லை என உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

அம்மா சைக்கிள், மகள் மீட்டர்

வேலை முடிந்ததும் அண்ணன் அக்காவைப் பார்த்தார். "வண்டி விஷயம் உனக்கெதுக்குன்னு நான்தான் சொன்னேன்," என்றார்.

அக்கா புதுக்கோட்டையில் பிறந்தவர். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையில் சைக்கிள் ஓட்டினார்கள். அக்காவின் அம்மாவும் அவர்களில் ஒருவர்.

"எங்கம்மாவையும் அப்படித்தான் கேட்டாங்க. சைக்கிள் உனக்கெதுக்குன்னு. அம்மா பதில் சொல்லலை. ஓட்டிக் காட்டினாங்க," என்றார் அக்கா.

இப்போது அக்கா வீட்டுச் சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது. மாதம் ஒரு முறை பேட்டரி எண்ணை அளந்து தேதியோடு எழுதுகிறார். சென்ற மாதம் 12.6. இந்த மாதமும் 12.6. அண்ணன் காலை ஐந்து மணிக்கு ஒரே அழுத்தில் கிளம்பிவிடுகிறார்.

கேட்போம். பார்ப்போம். அளப்போம். அதற்குப் பிறகு காசை எடுப்போம்.

பயிற்சி

படித்துச் சொல்லுங்கள்
1. செல்ஃப் அழுத்தும்போது வேலை செய்யும் மூன்று பேர் யார்?
2. 'டிக் டிக்' சத்தத்துக்கு உள்ள இரண்டு காரணங்கள் எவை?
3. பேட்டரிக் கம்பியைக் கழற்றும்போது முதலில் எந்த முனை? மாட்டும்போது முதலில் எந்த முனை?

கணக்குப் போடுங்கள்
1. 2026 ஜனவரியில் ஒரு பேட்டரி வாங்கினீர்கள். கேரண்டி 24 மாதம். எந்த ஆண்டு, எந்த மாதம் முடியும்?
2. பேட்டரி விலை 1500 ரூபாய். பழையதற்குக் கழிவு 250 ரூபாய். நீங்கள் கொடுக்க வேண்டியது எவ்வளவு?
3. 12.2, 12.6, 11.8, 12.4. இந்த எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக எழுதுங்கள். எது முழு சார்ஜ்?

கூடிப் பேசுங்கள்
உங்கள் வீட்டில் கேரண்டி அட்டை உள்ள பொருள்கள் எவை? அவற்றை அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். தேதியும் முத்திரையும் இருக்கின்றனவா என்று எல்லாரும் சேர்ந்து பாருங்கள்.